சட்டைப்பைத் துப்பாக்கிகளை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

சட்டைப்பையில் அடங்கும் கைத்துப்பாக்கிகளை ஒப்பிடுவோர் எடை, நீளம், தோட்டா எண்ணிக்கை ஆகிய மூன்றையே பெரிதும் அட்டவணைப்படுத்துகின்றனர். அன்றாடம் உடன் வைத்திருக்கும் துப்பாக்கியோ தன் ஆயுளில் மிகப் பெரும்பகுதியைப் பைக்குள்தான் கழிக்கிறது. ஆகவே, பைக்குள் கிடக்கும்போது வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு பாதுகாப்பானது என்பதே முதல் அளவுகோலாக வேண்டும் என்பது என் வாதம். மறைத்து எடுத்துச்செல்வதற்குத் தனிக் காரணம் காட்டக் கோரிய நியூயார்க் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-இல் செல்லாதென அறிவித்தபின் இக்கேள்வி மேலும் கனத்துவிட்டது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908-இல் வந்த கோல்ட் 'வெஸ்ட் பாக்கெட்' ஏறத்தாழ 370 கிராம் எடையுள்ளது, 6.35 மி.மீ. தோட்டா ஆறு கொள்ளும். சுத்தி வெளியே நீளாததால் துணியில் சிக்காது. ஆனால் அறையில் தோட்டா இருக்கும்வரை வெடியூசி முறுக்கேறிய வில்லின் அழுத்தத்திலேயே நிற்கும். இதைப் பிரௌனிங் அறியாதவரல்லர். கட்டைவிரல் பூட்டோடு, கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றி விடுபடாத இன்னொரு பூட்டையும் சேர்த்தார். ஆபத்தை உள்ளே வைத்து வெளியே காவல் போட்ட ஏற்பாடு இது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1952-இல் வெளியிட்ட 'சென்டெனியல்' ரிவால்வர் வேறு வழியில் சென்றது. ஐந்து தோட்டா, அரைக் கிலோவுக்கு மேல் எடை. சுத்தி முழுவதும் உடலுக்குள் மூடப்பட்டிருக்கிறது. அதை முன்கூட்டியே இழுத்து நிறுத்த வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் விசையை நெடுந்தொலைவு, வலுவாக இழுத்தாக வேண்டும். இழுக்கத் தொடங்கும்வரை சுத்தியின் வில் தளர்ந்தே கிடக்கும். இதிலும் முதலில் ஒரு பிடிப்பூட்டு இருந்தது. 1970-களில் நின்றுபோன இவ்வகை பின்னர் மறுபடி வந்தபோது அந்தப் பூட்டு இல்லை. விசையின் கனமே போதுமான காவல் என்று கொண்டதன் அடையாளமாகவே இதைக் காண்கிறேன்.

ரூகர் நிறுவனத்தின் எல்.சி.பி. 2008-இல் வந்தது. எடை சுமார் 270 கிராம். 'பாயின்ட் 380' தோட்டா, மேகசினில் ஆறு. கைப்பூட்டு கிடையாது. இதன் சுத்தி பாதி முறுக்கிலேயே காத்திருக்கும். மீதியை விசை முடிக்கும். அதே ஆண்டு அக்டோபரில், அறையில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே முதல் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுச் சுத்தி அமைப்பை மாற்றிக் கொடுத்தது. பையிலிருந்து நழுவி விழுவது இவ்வகைக்கு அரிய விபத்தன்று. அட்டவணையில் முன்னணியில் நின்ற துப்பாக்கியின் இக்குறையை அதன் எடையோ நீளமோ காட்டியிருக்காது.

கனமான துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள், இலேசானதே உண்மையில் உடன் வரும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2018-இல் வந்த சிக் சாவர் பி-365 எல்.சி.பி.யைப் போல ஏறக்குறைய இருமடங்கு எடையுள்ளது. அதுவும் பெருவாரியாக விற்றது. கிராம் கணக்கு மட்டுமே வாங்குவோரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை.

மேற்கண்ட மூன்றில், எடைப் பட்டியலில் கடைசியில் நிற்கும் சென்டெனியலுக்கே முதலிடம் தருகிறேன்.