ஓய்வூதிய வாக்குறுதியும் நிதியில்லாத் திறைசேரியும்

மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்கப்படும் நாளில் எமது நாட்டின் வங்கிக் கிளைகளின் முன்னால் காலையிலேயே முதியவர்கள் கூடிவிடுவது வழமையான காட்சியாகும். யாழ்ப்பாணத்திலும் கல்முனையிலும் புத்தளத்திலும் ஹற்றனிலும் இக்காட்சியில் வேறுபாடில்லை. இளைப்பாறிய ஆசிரியர்கள், தபால் உத்தியோகத்தர்கள், தாதியர், மறைந்த கணவரின் சேவைக்காக ஓய்வூதியம் பெறும் மூதாட்டியர் எனப் பலரை அங்கு காணலாம். தமது சேவைக்காலத்தில் அரசாங்கம் தமது பெயரில் சேர்த்து வைத்த பணமே தம்மிடம் திரும்பி வருகின்றது என்ற எண்ணம் இவர்களுட் பலரிடம் உள்ளது. உண்மை அதுவன்று. அத்தகைய நிதியம் எதுவும் இல்லை. இன்று வரி செலுத்துபவரிடமிருந்து பெறப்படும் பணமே இன்றைய ஓய்வூதியமாக வழங்கப்படுகின்றது.

இலங்கையின் அரச ஓய்வூதிய முறை பிரித்தானியர் காலத்தில் உருவானதாகும். 1898 ஆம் ஆண்டிலேயே விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1901 ஆம் ஆண்டு முதல் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு நடைமுறைக்கு வந்தது. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கென உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு கழிக்கப்படுகின்ற போதிலும், அவரது சொந்த ஓய்வூதியத்துக்கென எதுவும் கழிக்கப்படுவதில்லை. அதற்காக அரசாங்கமும் எதனையும் ஒதுக்கி வைப்பதில்லை. முப்பது வருட சேவையை நிறைவு செய்த ஒருவர் தமது இறுதிச் சம்பளத்தின் 85 முதல் 90 சதவீதம் வரையிலான தொகைக்கு உரித்துடையவராகின்றார். சிறியதொரு நிர்வாக சேவையை மனதிற் கொண்டு ஆக்கப்பட்ட இவ்வேற்பாடு, பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பணியாற்றும் இன்றைய பெரும் அரச சேவைக்கும் அவ்வாறே நீடிக்கப்பட்டுள்ளது.

இதன் சுமை எத்தகையது என்பதை எண்ணிக்கைகள் உணர்த்தும். இன்று ஓய்வூதியம் பெறுவோர் தொகை ஏறத்தாழ 7 இலட்சமாகும். 2023 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் வருமானம் ஏறத்தாழ 3 இலட்சம் கோடி ரூபாவாக இருக்க, ஓய்வூதியக் கொடுப்பனவு 30 ஆயிரம் கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது. அதாவது, அரசுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பத்து ரூபாவிலும் ஒரு ரூபாவுக்கு மேல் இதற்கே செல்கின்றது. சம்பளம், கடன் வட்டி ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீதிக்கும் எஞ்சுவது சொற்பமேயாகும்.

சனத்தொகையும் முதுமையடைந்து வருகின்றது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 7.9 சதவீதமாக இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் பங்கு, 2024 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. இந்நிலையில் கொள்கை ஒரு திசையிற் செல்லவில்லை. 2022 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டின் இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதனை மீண்டும் 60 ஆகக் குறைத்தது. சம்பளப் பட்டியலில் குறைந்த செலவு ஓய்வூதியப் பட்டியலுக்கு இடம் மாறியதேயன்றி, அது முற்றாக மறைந்துவிடவில்லை.

பங்களிப்பு ஓய்வூதிய முறையொன்றை அறிமுகப்படுத்தும் முயற்சிகள் இடம்பெறாமலும் இல்லை. 2003 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் புதிதாகச் சேர்க்கப்படுவோருக்கு அத்தகைய முறை அறிவிக்கப்பட்ட போதிலும், நிலையான நிதியம் எதுவும் உருவாகாமலேயே அவை கைவிடப்பட்டன. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மட்டும் இதற்குக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. நிதியமொன்று அமைக்கப்பட்டால் அதில் சேரும் பணம் பாதுகாக்கப்படுமா என்ற ஊழியரின் ஐயத்துக்கு அரசாங்கங்கள் தகுந்த பதிலை வழங்கியதில்லை.

அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதியை நோக்குவோம். ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்தும் இந்நிதி, தனியார் துறையினரினதும் கூட்டுத்தாபனங்களில் பணியாற்றுவோரினதும் முதுமைக்கால ஆதாரமாகும். இதன் பெரும்பகுதி அரசாங்கத்தின் கடன் பத்திரங்களிலேயே முதலிடப்பட்டுள்ளது. கடன் பத்திரங்களை அரசின் சார்பில் விற்றதும், இந்நிதியின் சார்பில் அவற்றை வாங்கியதும் நீண்டகாலமாக மத்திய வங்கியே ஆகும். 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்கு அங்கத்தவருக்கு அறிவிக்கப்பட்ட வட்டியோ 9 சதவீதமாகும். 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, பழைய முறிகளைக் குறைந்த வட்டியுடைய புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளாவிடின், அவ்வருமானத்தின் மீது 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி விதிக்கப்படும் என்ற நிபந்தனையும் முன்வைக்கப்பட்டது. சேமித்தவரின் சம்மதம் கேட்கப்படவில்லை.

1987 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் மற்றொரு பாடமாகும். செலுத்தப்பட்ட தவணைப் பணத்துக்கும் வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவுக்கும் இடையே பொருத்தமின்மையால் அதன் நிதி வற்றியது. 2012 ஆம் ஆண்டளவில் கொடுப்பனவு தடைப்பட்டு, பின்னர் அரசின் நேரடி உதவியுடனேயே மீண்டும் தொடர்ந்தது. அம்பாறை, மட்டக்களப்பு, வன்னிப் பகுதிகளின் நெற்செய்கையாளர் இதனை மறந்திருக்க மாட்டார்கள். அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்டங்களின் தொழிலாளர் சிலரது சேமலாப நிதிப் பங்களிப்புகள் வருடக்கணக்கில் செலுத்தப்படாமல் நிலுவையாக இருந்ததையும் மலையக மக்கள் நன்கறிவர்.

செல்வந்த நாடுகளிலும் இதே நிலை நேர்ந்துள்ளது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரசபை 2013 ஆம் ஆண்டு ஜூலையில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அந்நகருக்கு ஓய்வூதிய நிதியங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் இருந்த பணம் கொடுக்கவேண்டிய தொகைக்குப் போதுமானதாக இருக்கவில்லை. இறுதியில் பொதுச் சேவையிலிருந்து ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியம் 4.5 சதவீதத்தால் குறைக்கப்பட்டு, வாழ்க்கைச் செலவுக்கேற்ற வருடாந்த உயர்வும் நிறுத்தப்பட்டது. எமது நாட்டில் ஓய்வூதியம் பெயரளவில் வெட்டப்படவில்லை. எனினும் விலைவாசி அவ்வெட்டைச் செய்து முடித்தது. ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றியோர் ஓய்வுபெற்ற ஆண்டு வேறுபட்டமையால் வெவ்வேறு தொகை பெறும் முரண்பாடும் நீடித்தது. 2020 ஜனவரிக்கு முன்னர் ஓய்வுபெற்றோருக்கு 2025 ஜூலை முதல் மூன்று கட்டங்களாகத் திருத்தம் வழங்க எடுக்கப்பட்ட தீர்மானம் வரவேற்கத்தக்கதாயினும், அதற்கான பணமும் அதே திறைசேரியிலிருந்தே வரவேண்டியுள்ளது.

ஓய்வூதியம் சலுகையன்று, குறைந்த சம்பளத்தை ஏற்றுப் பணியாற்றியதற்கான பிற்போடப்பட்ட ஊதியமே அது என்பது எமது நிலைப்பாடு. எனவே ஏற்கனவே சேவையில் உள்ளோரினதும் ஓய்வுபெற்றோரினதும் உரித்தில் கைவைக்கக் கூடாது. அதேவேளை, ஓய்வூதியமோ சேமலாப நிதியோ இல்லாத மீனவரும் கூலித் தொழிலாளியும் சிறு வியாபாரியும் சீனிக்கும் மாவுக்கும் செலுத்தும் வரியிலிருந்தே இது வழங்கப்படுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

அரசாங்கம் முதலில் செய்யவேண்டியது, எதிர்வரும் முப்பது ஆண்டுகளில் ஓய்வூதியத்துக்குத் தேவைப்படும் தொகையைக் கணித்து அதனைப் பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்துவதாகும். அடுத்து, புதிதாகச் சேர்வோருக்குப் பங்களிப்பு நிதியமொன்றை அமைப்பதாயின், அது திறைசேரியின் கைக்கெட்டாத தூரத்தில், ஊழியரின் பிரதிநிதிகளும் அங்கம் வகிக்கும் சுயாதீன சபையொன்றின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் கொண்டுவரப்படும் எந்தச் சீர்திருத்தமும் அரசு கடன் பெறுவதற்கான இன்னுமொரு வழியாகவே முடியும். வங்கி வாசலில் காத்திருக்கும் முதியவருக்கு அடுத்த மாதமும் பணம் கிடைக்கும். இன்று இருபத்தைந்து வயதில் நியமனக் கடிதம் பெறும் இளம் ஆசிரியைக்கும் அதே உறுதி கிடைக்க வேண்டுமாயின், அதற்கான கணக்கு இப்போதே எழுதப்படல் வேண்டும்.