முன்னச்சின் அகலம்: உழவு இயந்திர வரலாற்றில் ஒரு பக்கம்

மன்னர்களின் வரலாற்றைக் கற்பார் பலர். கருவிகளின் வரலாற்றைக் கற்பார் சிலரே. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உழைத்தனர், எவ்வாறு உண்டனர் என்பதனைக் கல்வெட்டுக் கூறுவதினும் கலப்பை தெளிவாகக் கூறும். உழவு இயந்திரத்தின் முன்னச்சு அகன்றது, ஒடுங்கியது என இருவகைப்பட்டது எக்காரணம் பற்றி? அவ்விரண்டனுள் ஒன்று மட்டும் நம் மாத்தளை மாவட்டத்தை வந்தடைந்தது எவ்வாறு? அதனால் நாம் அறியத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகன்ற முன்னச்சுடைய இயந்திரத்தில் முன்சில்லுகள் இரண்டும், பின்சில்லுகளைப் போலவே, ஒன்றற்கொன்று எட்ட நிற்கும். நம் வீதிகளில் நாள்தோறும் காணப்படும் நான்கு சக்கர உழவு இயந்திரங்கள் இவ்வகையினவே. ஒடுங்கிய வகையிலோ முன்சில்லுகள் இரண்டும் இயந்திரத்தின் மூக்கின்கீழ் நெருங்கி, ஏறத்தாழ ஒன்றையொன்று தொடுவனபோல் அமைந்திருக்கும். சிலவற்றில் ஒரே சில்லுதான் உண்டு. மேலிருந்து நோக்குவார்க்கு அது மூன்று சக்கர வண்டி போலவே தோன்றும். நம்மவருள் பெரும்பாலார் இவ்வகையைப் படத்திலன்றி நேரிற் கண்டதில்லை.

இவ்வொடுங்கிய வகை பிறந்த இடம் அமெரிக்காவின் சோளவயல். அங்கே சோளத்தை வரிசை வரிசையாக நட்டனர். வரிசைகளுக்கிடையே விட்ட இடைவெளி ஏறத்தாழ 40 அங்குலம். அவ்வளவு இடம் விட்டது சோளத்தின் பொருட்டன்று. களைகொத்தும் கருவியை இழுத்துச் செல்லும் குதிரை பயிரை மிதியாது நடப்பதன் பொருட்டேயாம். 1917ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் தம் போர்ட்சன் உழவு இயந்திரத்தை வெளியிட்டார். விலை குறைந்த அவ்வியந்திரம் பல்லாயிரம் பண்ணைகளை அடைந்தது. அது நன்கு உழுதது. எனினும் முளைத்த பயிரின் நடுவே சென்று களையெடுக்க அதனால் இயலவில்லை. ஆகவே இயந்திரம் வாங்கிய உழவன் களையெடுப்பதற்கெனக் குதிரைகளையும் வைத்துத் தீனியிட வேண்டியவனானான்.

இக்குறையை நீக்க முயன்றோருள் முதன்மையானவர் இன்டர்நேசனல் ஹாவெஸ்ரர் நிறுவனத்தின் பொறியியலாளர் பேர்ட் பெஞ்சமின் என்பவர். அந்நிறுவனம் 1924இல் வெளியிட்ட பார்மோல் என்னும் இயந்திரத்தில் பின்னச்சு உயர்ந்தும் அகன்றும் இருந்தது. முன்சில்லுகள் நெருங்கி நின்றன. பின்சில்லுகள் இரண்டும் இரு வரிசைகளுக்கு அப்பாலும் இப்பாலும் செல்ல, முன்சில்லுகள் அவ்விரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட ஒரே சாலில் ஓடின. களையெடுக்கும் கருவிகள் நடுவில், ஓட்டுநரின் கண்முன்னே பொருத்தப்பட்டன. குதிரையின் உடலகலம் பயிர் வரிசையின் இடைவெளியை விதித்தது. அவ்விடைவெளி இயந்திரத்தின் வடிவத்தை விதித்தது. குதிரை வயலை விட்டகன்ற பின்னரும் அதன் அளவு இயந்திரத்தின் உடம்பில் நிலைத்து நின்றது.

ஒடுங்கிய முன்னச்சின் சிறப்புக்கள் சில. வரிசையின் முடிவில் அது மிகக் குறுகிய இடத்திலே திரும்பவல்லது. முன்னால் குறுக்கே அச்சு இன்மையால் உயர்ந்து வளர்ந்த பயிரும் முறியாது தப்பும். அதன் குறைகளும் சில. நெருங்கிய சில்லுகளுக்கிடையே சேறு அடைபட்டு இறுகும். முன்பாகத்தின் பாரமெல்லாம் ஒரே தடத்தில் அழுந்துதலால் ஈரநிலத்தில் ஆழப் புதையும். முன்புறத்திற் பாரந்தூக்கும் கருவியைப் பொருத்தினால் பக்கவாட்டில் உறுதி குறையும்.

இந்நிலையை மாற்றியவர் அயர்லாந்திற் பிறந்த ஹரி பேர்குசன். அவரும் போர்ட்டும் கூடி 1939இல் வெளியிட்ட இயந்திரத்தில் கலப்பை முதலிய கருவிகள் மூன்று இணைப்புகளாற் பின்புறத்தே பொருத்தப்பட்டு, நீரியல் விசையால் உயர்த்தவும் தாழ்த்தவும் பட்டன. அதன் முன்னச்சு அகன்றது. அன்றியும் நீட்டவுங் குறைக்கவும் அமைந்தது. சில்லுகளின் இடைவெளியை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை, நான்கு நான்கு அங்குலமாக மாற்றலாம். பயிரின் இடைவெளிக்கேற்ப அச்சை மாற்ற இயலுமாயின், ஒடுங்கிய அச்சு எற்றுக்கு? இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் களைகொல்லி மருந்துகள் பரவவே, வரிசைகளின் நடுவே பன்முறை இயந்திரம் ஓட்டும் தேவையும் சுருங்கிற்று. 1970களில் ஒடுங்கிய முன்னச்சு அமெரிக்காவிலும் அருகி மறையலாயிற்று.

இனி நம் மாவட்டத்தை நோக்குவாம். மாத்தளை ஒரே மாவட்டமாயினும் அதன் நிலம் ஒரே நிலமன்று. வடக்கே தம்புள்ளை, கலேவெல ஆகிய பகுதிகள் உலர்வலயத்தைச் சார்ந்த சமநிலங்கள். குளத்து நீராலும், 1976இல் பொல்கொல்லையிலிருந்து திருப்பப்பட்ட மகாவலி நீராலும் வளம்பெறுவன. தெற்கிலும் கிழக்கிலும் உக்குவளை, இரத்தோட்டை, லக்கலை முதலிய பகுதிகள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்தவை. அங்கு வயல்கள் படிப்படியாக மலைச்சரிவில் இறங்குவன. பல வயல்கள் ஒரு வீட்டு முற்றத்தினும் அகலம் குறைந்தவை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலங்கையில் உழவு இயந்திரம் பரவத் தொடங்கியபோது வந்தவை பெரும்பாலும் பிரித்தானியாவிற் செய்யப்பட்டவை. பேர்குசன், பின்னர் மசி பேர்குசன் என வழங்கிய அவையெல்லாம் அகன்ற முன்னச்சுடையன. ஒடுங்கிய வகை இங்கு வேரூன்றாமைக்கு வணிகத் தொடர்பு மட்டுமே காரணமன்று. நிலமும் அதனை ஏற்றிராது. நெல்வயலின் சேற்றில் நெருங்கிய சில்லுகள் அடைபட்டுப் புதைந்திருக்கும். சேனைநிலத்துச் சோளம் இயந்திரம் நுழையும் வரிசைப்பயிராக விதைக்கப்பட்டதன்று. எரிந்த மரங்களின் அடிக்கட்டைகளினிடையே விதைக்கப்பட்டது. தம்புள்ளைப் பக்கத்தில் 1980கள் முதல் சிறுபோகத்திற் பெருகிய பெரிய வெங்காயமோ மேட்டுப்பாத்தியிற் கையால் நட்டுக் கையாற் களையெடுக்கப்படுவது. பயிரின் நடுவே ஓடுதற்கென்று பிறந்த வடிவத்திற்கு இங்கே வேலை இல்லை.

ஆயின் அகன்ற முன்னச்சு நம் நிலத்திற்கென்று பிறந்ததா? அதுவுமன்று. மேலைநாட்டுப் பரந்த பண்ணைகளில் நீளச் சென்று திரும்பும் இயந்திரம், இரத்தோட்டைப் படிவயலில் இறங்கவும் இயலாது, இறங்கினால் திரும்பவும் இயலாது. இத்தகைய சிறுவயல்களை உழுதுவந்தது எருமை. வரம்பின் வளைவும் வயலின் சிறுமையும் எருமையின் நடைக்குப் பொருந்தியிருந்தன.

இவ்விடர்ப்பாட்டிற்கு விடை கண்டவர் நம் நாட்டவர் ஒருவரே என்பது மாணவர் பலர் அறியாத செய்தி. கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற ரே விஜயவர்தன 1950களில் இரு சக்கர உழவு இயந்திரமொன்றை அமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் லாண்ட்மாஸ்டர் என்னும் பெயருடன் அது செய்யப்பட்டது. உழவன் பின்னே நடந்து, கைப்பிடியாற் செலுத்தும் அவ்வியந்திரத்திற்கு அகன்ற முன்னச்சும் இல்லை, ஒடுங்கிய முன்னச்சும் இல்லை, முன்னச்சே இல்லை. வரம்பைத் தாண்டவும் வயலின் மூலையில் திரும்பவும் வல்ல அது எருமையின் இடத்தைப் பிடித்தது. பிற்காலத்தில் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த இரு சக்கர இயந்திரங்களையும் நம் உழவர் அப்பெயராலேயே அழைக்கின்றனர். அகலமா ஒடுக்கமா என்னும் மேலைநாட்டு வழக்கிற்கு, இரண்டும் வேண்டா என்று நம் படிவயல்கள் தீர்ப்பளித்தன எனலாம்.

இவ்வரலாற்றினின்றும் உயிரோடு தொடர்புடைய ஓர் உண்மையையும் நாம் அறிதல் வேண்டும். அகன்ற முன்னச்சுடைய இயந்திரம் நான்கு சில்லுகளிலும் உறுதியாக நிற்பதாகையால் எளிதிற் கவிழாது என்பது பலரது நம்பிக்கை. இது பாதி உண்மையே. மேடுபள்ளத்தில் நான்கு சில்லுகளும் நிலத்திற் படிவதற்காக, அகன்ற முன்னச்சு தன் நடுவில் ஓர் ஆணியில் ஏறியிறங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே இயந்திரத்தின் உடலைத் தாங்குவன பின்சில்லுகள் இரண்டும் முன்னாலுள்ள அவ்வாணியும் ஆகிய மூன்று இடங்களே. அவற்றை இணைத்தால் கிடைப்பது நாற்கோணமன்று, முக்கோணம். ஒடுங்கிய முன்னச்சிலும் அதே முக்கோணந்தான். எடுத்துக்காட்டாக, பின்சில்லுகளின் இடைவெளி 60 அங்குலம் எனவும், புவியீர்ப்பு மையம் பின்னச்சிலிருந்து முன்னோக்கி மூன்றிலொரு பங்கு தூரத்தில் உள்ளது எனவுங் கொள்வோம். அவ்விடத்தில் நடுக்கோட்டிலிருந்து முக்கோணத்தின் விளிம்பு 20 அங்குலத் தொலைவில் உள்ளது, 30 அங்குலமன்று. இயந்திரம் ஓரளவு சாய்ந்தபின் உடல் அச்சின்மேல் முட்டி நிற்கத் தடைகள் உண்டு. அப்போதுதான் அகன்ற அச்சின் உதவி கிடைக்கும். ஆனால் விரைந்து சாயும் இயந்திரத்தை அத்தடை நிறுத்தும் என்று உறுதி கூற இயலாது. முன்னச்சு அகன்றிருத்தல் ஒரு நன்மை, காப்புறுதியன்று.

மலைப்பாதையில் இடர் இன்னும் மிகுதி. நம் மாவட்டத்தில் உழவு இயந்திரம் உழுவதோடு அமையாது, பெட்டி பூட்டி நெல்லும் மணலும் தேயிலைக் கொழுந்தும் ஆட்களும் ஏற்றிச் செல்கின்றது. இறக்கத்திற் பாரமேற்றிய பெட்டி இயந்திரத்தைப் பின்னின்று தள்ளும்போது, முன்னச்சின் அகலம் யாதும் செய்யமாட்டாது. சில்லுகளைத் தனித்தனி கிளச்சினாற் கட்டுப்படுத்தித் திருப்பும் இரு சக்கர இயந்திரத்திலோ வேறொரு விந்தை உண்டு. சமநிலத்தில் வலக் கிளச்சை அழுத்தினால் அது வலப்புறம் திரும்பும். பெட்டியின் பாரம் தள்ளும் செங்குத்தான இறக்கத்தில் அதே கிளச்சை அழுத்தினால் இடப்புறம் திரும்பும். விடுவிக்கப்பட்ட சில்லு தடையின்றி முன்னே ஓடுதலே இதற்குக் காரணம். இதனை அறியாத இளைஞன் பள்ளத்தின் ஓரத்திற் கிளச்சை அழுத்துவானாயின் விளைவைக் கூறவேண்டுவதில்லை. சுவீடன் நாடு 1959இலேயே புதிய உழவு இயந்திரம் யாவற்றிலும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருத்தல் வேண்டுமென விதித்தது. அதனால் உயிரிழப்புப் பெரிதும் குறைந்தது. அகல அச்சுடைய இயந்திரங்கள் நிறைந்த நாடே அச்சினை நம்பாது சட்டத்தை நாடியது என்பது கருதத்தக்கது.

ரே விஜயவர்தனவும் தம் கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. நைஜீரியாவின் இபாதானிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல விவசாய நிறுவனத்திற் பணியாற்றிய அவர், வெப்பநாட்டு மண்ணை எதனால் உழுவது என்ற வினாவை விட்டு, உழத்தான் வேண்டுமா என்ற வினாவிற்குச் சென்றார். சரிவுநிலத்தை உழுது புரட்டினால் மழை அம்மண்ணை அரித்துச் செல்லும். ஆதலின் சரிவின் குறுக்கே கிளிரிசிடியா போன்ற மரங்களை வேலியாக நட்டு, அவற்றின் தழையை மண்ணுக்கு உரமாக்கும் முறையை இலங்கையிற் பரப்ப முயன்றார். 2010இல் அவர் மறையுமளவும் அக்கொள்கையை விடவில்லை. மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக்கொடி படரும் கிளிரிசிடியாவை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அது மண்ணைக் காக்கும் வேலியாகவும் ஆகக்கூடும் என்பதனை எண்ணுவார் சிலரே.

ஆகவே அகன்ற முன்னச்சுச் சிறந்ததா, ஒடுங்கியது சிறந்ததா என்னும் வினாவிற்குத் தனித்த விடை இல்லை. எந்த நிலத்தில், எந்தப் பயிருக்கு, எத்தகைய சரிவில் என்று வினவிய பின்னரே விடை பிறக்கும். அமெரிக்க உழவன் தன் சோளவரிசையை அளந்தான். பேர்குசன் அதற்கேற்ப அச்சினை நீட்டிக் குறைத்தார். நம் நாட்டுப் பொறியியலாளர் நம் வரம்பை அளந்து முன்னச்சையே நீக்கினார். பிறநாட்டார் செய்த கருவியை வாங்குதல் இழிவன்று. நம் நிலத்தை அளவாது வாங்குதலே இழிவு. கல்லூரியிற் பொறியியலும் விவசாயமும் கற்கச் செல்லும் நம் மாணவர் அளவுகோலை முதலில் நம் வயலின் வரம்பில் வைத்துப் பார்ப்பாராயின், அவர் கற்ற கல்வியால் இம்மாவட்டத்து உழவனின் விளைவும் பெருகும். அவன் உயிரும் காக்கப்படும்.