மின்கிட்டாரின் கம்பிச்சுருளும் நம் வரலாற்றுக் கடமையும்

பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. செல்லரித்தும் ஒடிந்தும் போகும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்தமையால்தான் நம் இலக்கியங்கள் நம் கைக்கு எட்டின. எழுதியவர் பெயரும் நாளும் சில ஏடுகளின் இறுதியில் உண்டு, பலவற்றில் இல்லை. இவ்வாறு பெயர்த்தெழுதப்பட்டே வாழ்கின்ற பொருள் ஏடு ஒன்று மட்டும் அன்று. மின்கிட்டாரின் குரலுக்கு உயிராக விளங்கும் 'பிக்கப்' என்னும் சிற்றுறுப்பும் அத்தகையதே. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிக்கப் என்பது காந்தமும் அதனைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளுமேயாகும். சுருளினுள் காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். கிட்டாரில் அசைவது காந்தம் அன்று. அதன்மேல் செல்லும் எஃகு நரம்பு. நரம்பு அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சாம் இவ்வுண்மையைக் கிட்டாருக்குப் பயன்படுத்தினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் அவர் உருவாக்கிய கருவி, தோற்றத்தால் 'வாணலி' என்றே அழைக்கப்பட்டது. அதற்குரிய காப்புரிமை 1937-இல் கிடைத்தது. 1951-இல் லியோ ஃபெண்டரின் பேஸ் கிட்டாரும், 1954-இல் அவர்தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வெளிவந்தன. மின்சாரக் கம்பிகளால் எழும் இரைச்சலை இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று நீக்குமாறு அமைக்கும் முறையைக் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் வகுத்தார்.

இவ்வுறுப்பின் நுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் சுற்றப்பட்ட கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், தலைமயிரை ஒத்தது. சுற்றுகளோ ஏறத்தாழ 8,000. அக்காலத்தில் இயந்திரம் சுருளைச் சுழற்ற, கம்பியை விரலால் நெறிப்படுத்தியவர் தொழிலாளரே. கையின் இழுவிசை சிறிது மாறினும் சுருளின் அமைப்பு மாறும், குரலும் மாறும். ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அபிகெய்ல் இபாரா என்னும் பெண்மணியின் பெயர் இன்று இசைக்கலைஞரிடையே புகழ் பெற்றுள்ளது. அவரைப் போல் சுருள் சுற்றிய பலரின் பெயர்களை உலகம் அறியாது. சில பிக்கப்புகளின் அடிப்புறத்தில் காணப்படும் முதலெழுத்துகளும் தேதியும், ஏட்டின் இறுதியில் காணும் குறிப்பைப் போன்றனவே.

இக்கருவி நம் நாட்டிற்கு வந்த வரலாறும் சுவையானது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினர். அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இளைஞர்கள் மின்கிட்டாரை விரும்பி ஏந்தினர். 'பாப் யே யே' என்னும் இசையலை எழுந்தது. அக்குழுக்கள் 'குகிரான்' எனப்பட்டன. பினாங்கில் தோன்றிய 'அல்லிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர்தம் இளவல் லோகநாதனும் மலாய் இசையுலகில் நிலைத்த இடம் பெற்றனர். 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனித்துப் பேசுவதை யாவரும் அறிவர். அப்பாடல்களைத் திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழா மேடையிலும் இசைக்க விரும்பிய நம் இசைக்குழுக்களுக்கு அக்கருவி இன்றியமையாததாயிற்று. கருநாடக இசைக்கும் பிக்கப் அயலானதன்று. அதனைப் பொருத்திய மேண்டலினால் யு. ஸ்ரீநிவாஸ் உலகையே ஈர்த்தார்.

அக்கருவிகள் இன்று முதுமை அடைந்துவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றும் வாசிப்பவர் கைவியர்வையின் உப்பும் காந்தத்தைத் துருவேற்றுகின்றன. செம்பில் பச்சை படர்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் கிட்டார் ஊமையாகிவிடும். மின்விசிறிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் 'காயில் கட்டும்' தொழில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. அத்தொழிலின் தங்கையே பிக்கப்பை மீண்டும் சுற்றும் கலை. பின்னாளில் புகழ்பெற்ற செமோர் டங்கன், இளமையில் இசைத்தட்டுச் சுழற்றியையே கருவியாகக் கொண்டு சுருள் சுற்றினார். நிமிடத்திற்கு 33 1/3 சுற்று வீதம் 8,000 சுற்றுகளுக்கு நான்கு மணிநேரம் ஆகும் என்பதை மாணவர் கணக்கிட்டு அறியலாம்.

ஆயின் சுற்றுவது பின்னர், அறிவது முன்னர். அறுந்த இடம் சுருளின் வெளிமுனையாயின், சில சுற்றுகளை மட்டும் நீக்கிப் பற்றவைத்தாலே போதும். பழைய சுருள் பிழைக்கும். அது இயலாதபோதே புதுக்கம்பி வேண்டும். அப்போதும் பழைய கம்பியை வெட்டி எறிதல் தகாது. காந்தத்தின் வடதென்முனைகளைத் திசைகாட்டியால் அறிந்து, சுற்றிய திசையைக் குறித்து, கம்பியின் தடிமனை அளந்து, சுற்றுகளை எண்ணிக்கொண்டே பிரித்தல் வேண்டும். திசையோ முனையோ ஒன்று மட்டும் மாறிவிட்டால், இரண்டு பிக்கப்புகளை ஒருங்கே இயக்கும்போது ஒலி மெலிந்து உள்ளீடற்றதாகும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. 'இன்னும் உரக்க ஒலிக்கட்டும்' என்று எண்ணிச் சுற்றுகளைக் கூட்டுவோர் உளர். சுற்று மிகுந்தால் ஒலி மிகும். ஆனால் மேற்சுரங்களின் தெளிவு மங்கும். பழைய குரல் போய்விடும். போனதற்குச் சான்றும் இராது. பொருள் விளங்காத சொல்லைத் தம் விருப்பம்போல் திருத்தி எழுதிய ஏட்டெழுத்தாளரின் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். விடாமுயற்சியோடு நேர்மையும் சேர்ந்திருந்ததால்தான் அப்பணி நிலைத்தது.

வரலாறு அரண்மனைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமே இருப்பதாக நம் மாணவர் எண்ணிவிடலாகாது. தம் ஊரில் ஒருகாலத்தில் மேடையேறிய இசைக்குழுவினரை அவர்கள் தேடிச் செல்லட்டும். யார் வாசித்தார், எந்த ஆண்டில், எந்தக் கருவியில், அதனைப் பழுதுபார்த்தவர் யார் எனக் கேட்டு எழுதட்டும். கைவினைஞர்களும் ஒரு கடமை மேற்கொள்ளலாம். பழைய சுருளை ஓர் உறையிலிட்டு உரியவரிடம் ஒப்படைத்து, சுற்றிய நாள், கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, தம் பெயர் ஆகிய நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கிட்டாரின் குழிக்குள் வைக்கட்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனைத் திறப்பவர், முன்னவர் செய்ததை ஊகித்து இடர்ப்பட வேண்டியதில்லை, படித்து அறிவார்.