ஒரு ஸ்டென்ட், ஒரு மருந்து பலூன்: டாக்டர் ரெண்டையும் சேர்த்துச் சொல்வது ஏன்?

பல்லாவரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி. ஜிஎஸ்டி ரோட்டில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்க்கிறார்கள். "பெரிய குழாயில ஸ்டென்ட் வெச்சிடலாம், கிளைக்கு மருந்து பலூன் போதும்" என்கிறார் டாக்டர். வீட்டில் குழப்பம். பலூன்னா பழைய முறையாச்சே, ரெண்டு இடத்திலும் ஸ்டென்ட்டே வெச்சா என்ன?

பலூன் பழசுதான். 1977 செப்டம்பரில் சூரிச்சில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்தார். ஆனால் விரித்த குழாய் பலருக்குச் சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. அதனால் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. வலைக்குள்ளும் சதை வளர்ந்ததால், மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது.

மருந்து பலூன் அதே வேலையை உலோகம் இல்லாமல் செய்யப் பார்க்கிறது. பாக்லிடாக்செல் அல்லது சிரோலிமஸ் பூசிய பலூனை அடைப்பில் 30 முதல் 60 நொடி ஊதிப் பிடிப்பார்கள். மருந்து குழாய்ச் சுவரில் தங்கிவிடும், பலூன் வெளியே வந்துவிடும். சூரத் நிறுவனம் ஒன்றின் 'மேஜிக்டச்' பலூனும் இந்த ரகம்தான்.

அப்போ ஸ்டென்ட்டே வேண்டாமா? அப்படி இல்லை. சிக்கலில்லாத புது அடைப்புகளில் இரண்டையும் ஒப்பிட்ட சீன ஆய்வு 2024-ல் லான்செட்டில் வந்தது. 2 ஆண்டுகளில் பெரிய பாதிப்பு பலூன் தரப்பில் 6.4%, ஸ்டென்ட் தரப்பில் 3.4%. பெரிய குழாயை ஸ்டென்ட்டுக்கு விடுவது இதனால்தான்.

பலூனின் இடம் வேறு. 3 மி.மீ.க்குக் குறைவான குழாய், ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட்டுக்குள் வந்த அடைப்பு, கிளை பிரியும் இடம். முதன்மைக் குழாயில் ஸ்டென்ட் வைத்த 784 பேரிடம் இன்னொரு சீன ஆய்வு நடந்தது. கிளைக்குச் சாதா பலூன் போட்டவர்களில் ஓராண்டில் 12.5% பேருக்குப் பாதிப்பு. மருந்து பலூனில் அது 7.2%. சர்க்கரை நோயாளிகளுக்கு நீளமான அடைப்பு வருவது சகஜம். அங்கே முழுக்க உலோகம் போடாமல் பாதியைப் பலூனிடம் விடலாம்.

ஒன்றைத் தெரிஞ்சுக்கோங்க: முதலில் சாதா பலூனால் விரித்துப் பார்ப்பார்கள். குழாய் மோசமாகக் கிழிந்தாலோ, 30%க்கு மேல் அடைப்பு மிச்சமிருந்தாலோ, அந்த இடத்திலும் ஸ்டென்ட்தான். உள்ளே போகும்போது ஒண்ணுன்னு சொன்னது வெளியே வரும்போது ரெண்டானால், அது ஏமாற்று என்று அர்த்தமில்லை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரை? பலூன் மட்டும் என்றால் சிலருக்கு ஒரு மாதமே போதும். கூடவே ஸ்டென்ட் இருந்தால் கணக்கு ஸ்டென்ட்டை வைத்துத்தான்: பொதுவாக 6 மாதம், மாரடைப்பு வந்தவருக்கு 12 மாதம். 'எனக்குப் பலூன்தானே' என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையலாம், உயிருக்கே ஆபத்து.

செலவு? 2017 பிப்ரவரியில் மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பிறகு அது திருத்தப்பட்டும் வருகிறது. அந்த வரம்பு ஸ்டென்ட்டுக்கு. பலூன் பில்லில் தனி வரி. காப்பீட்டில் ரெண்டுக்கும் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று அட்மிஷன் அன்றே கேளுங்கள்.