சட்டமான ஆசிரியர் குரல்: ஜோசப் முண்டசேரி

ஆசிரியராக இருந்து சட்டமன்றம் சென்றவர்கள் பலர். வகுப்பறையில் கண்ட துயரைச் சட்டத்தின் வாசகமாக்கியவர்கள் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் கேரளத்தின் முதல் கல்வியமைச்சர் ஜோசப் முண்டசேரி (1903–1977). திருச்சூர் புனித தாமஸ் கல்லூரியில் மலையாளப் பேராசிரியர், இலக்கியத் திறனாய்வாளர் என்று புகழ்பெற்ற பிறகே அவர் 1957-இல் மணலூரில் வென்று முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்றார். அவர் கொண்டுவந்த கல்வி மசோதாவை ஆட்சியைக் கவிழ்த்த மசோதா என்றே வரலாறு நினைவுகூர்கிறது. ஓர் ஆசிரியரின் நெடுநாள் சிந்தனை அதில் கனிந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு அவர் எழுத்தே சான்று. அமைச்சராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளிவந்த ‘புரொஃபசர்’ நாவலில் தனியார் கல்வி நிறுவன ஆசிரியரின் அவல நிலையை அவர் எழுதிவிட்டார். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பதும், நிர்வாகியின் மனம்போல் வேலையிலிருந்து நீக்குவதும் அந்நாளில் பரவலாக இருந்த வழக்கங்கள். உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே சம்பளம் வழங்கவும், அவருடைய பணிக்குப் பாதுகாப்பு அளிக்கவும் மசோதா வழிசெய்தது. திருவிதாங்கூர்-கொச்சியின் காங்கிரஸ் தலைவர் பனம்பள்ளி கோவிந்த மேனன் முன்னரே இத்திசையில் முயன்றதுண்டு. முண்டசேரி அதைச் சட்டத்தால் உறுதிப்பட்ட உரிமையாக்கினார்.

சிறுபான்மையினரின் உரிமையில் அவர் கைவைத்தார் என்ற குற்றச்சாட்டைப் புறந்தள்ள இயலாது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, உச்ச நீதிமன்றம் 1958 மே மாதம் பள்ளிகளை அரசு ஏற்கும் பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை அரசியலமைப்பின் 30(1)-ஆம் பிரிவுக்கு முரணானவை என்றது. அவ்வளவில் எதிர்ப்பாளரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்பதையும் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. முண்டசேரி முன்வைத்த அடிப்படை நியாயமும் அதுவே.

அரசுக்கு எதிராக எழுந்த விமோசன சமரம் என்னும் விடுதலைப் போராட்டத்தின் முடிவில், 1959 ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. ஆகவே அவர் தோற்றார் என்பாரும் உளர். அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை அடுத்து வந்த அரசு கைவிட்டது உண்மை. ஆனால் அரசுச் சம்பளத்தையும் பணிப் பாதுகாப்பையும் அவரை எதிர்த்தவர்களின் ஆட்சிகளும் நீக்கவில்லை. பதவி 28 மாதங்களில் போயிற்று. மாதந்தோறும் முழுச் சம்பளம் பெறும் உரிமை தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. சட்டமியற்றும் ஆசிரியரை அளக்க இதைவிடத் தக்க அளவுகோல் இல்லை.