உழவர் சந்தையும் நகர ஏழையும்

மதுரை மாநகரின் நாளங்காடியும் அல்லங்காடியும் மதுரைக்காஞ்சியிலே விரித்துரைக்கப்பட்டமை கற்றோர் அறிந்ததே. அம்மாநகரின் அண்ணா நகரிலேயே, மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த காலத்தில், 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் தமிழ்நாட்டின் முதலாவது உழவர் சந்தை திறந்து வைக்கப்பெற்றது. விளைவித்தோனும் வாங்குவோனும் நேரிற் சந்தித்தலே அதன் நோக்கமாகும்.

மரக்கறி விரைவில் அழுகுவது. ஆதலின், உழவன் நல்ல விலை வருமளவும் காத்திருத்தல் இயலாது. தரகன் கூறும் விலைக்கே விற்றுத் தீர்க்கின்றான். அப்பொருள் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எனப் பல கை மாறுங்கால், வண்டிக்கூலியும் தரகும் இலாபமும் விலையிற் சேருகின்றன. அழுகிக் கழிந்த பங்கின் நட்டமும் எஞ்சிய பங்கின்மீதே சுமத்தப்படுகின்றது. இச்சுமை முழுவதையும் ஈற்றில் ஏற்பவர், அன்றாடக் கூலியைக் கொண்டு அன்றாடம் சிறிது சிறிதாக வாங்கும் நகர ஏழையரே.

இக்குறையைப் போக்கும் முயற்சி வடபுலத்தில் முன்னரே தோன்றிற்று. 1987இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' எழுந்தது. 1999 சனவரியில் ஆந்திரத்தில் 'ரைத்து பசார்' தொடங்கிற்று. இவற்றின் வழிவந்ததே உழவர் சந்தை. மெய்யான உழவர்க்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. கடைக்கு வாடகையில்லை, தராசு இலவசம். நாள்தோறும் மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் விலை குறிக்கப்பெற்று, யாவரும் காணப் பலகையில் எழுதப்பட்டது. எழுதிய விலையும் சரியான நிறையும் பேரம் பேசத் தெரியாதார்க்கும் காவலாயின.

எனினும், அரசாணையாற் பிறந்த சந்தை அரசின் ஆதரவையே நம்பி நிற்பது. 2001இல் ஆட்சி மாறியபின் அவ்வாதரவு குன்றிற்று. பல சந்தைகள் பொலிவிழந்தன. 2006இல் ஆட்சி மீண்டும் மாறியபோதே அவை புத்துயிர் பெற்றன. உழவர் போர்வையில் வியாபாரிகள் புகுதலும் ஓயாத இடரே. காலையிற் கூடும் சந்தை, விடியுமுன் வேலைக்குச் செல்லும் கூலியாளர்க்கு எட்டாதிருத்தலும் கருதத்தக்கது.

உழவன் வயிற்றிலடியாமலே ஏழையின் உலைக்கு மரக்கறி மலிவாய்ச் சேரக்கூடும் என்பதை இச்சந்தை மெய்ப்பித்தது. அம்மலிவு நிலைபெற வேண்டுமாயின், நிறையையும் விலையையும் காக்கும் கண் ஆட்சிகள் மாறினும் உறங்குதல் கூடாது.