விசிறி வேண்டாம் என்ற பிடிவாதம்

1977ல் வந்த ஆப்பிள் 2 கணினிக்குள் விசிறியே கிடையாது. விசிறிச் சத்தம் கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதிகம் சூடாகாத ஸ்விட்சிங் பவர் சப்ளையை வடிவமைத்து அதைச் சாத்தியமாக்கினார்.

அதே பிடிவாதம் 1980ல் ஆப்பிள் 3க்கு வினையானது. விசிறி இல்லை; வெப்பத்தைக் கடத்தும் வேலை அலுமினியச் சட்டத்தின் தலையில். சூட்டோடு இணைப்புக் கோளாறுகளும் சேர, சிப்புகள் சாக்கெட்டிலிருந்து கிளம்பின. விற்ற ஆயிரக்கணக்கான கணினிகளை ஆப்பிள் மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. 1984ல் அந்த வரிசையே நிறுத்தப்பட்டது.

1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டுவந்தது. பவர் சப்ளை விசிறி வெளிக்காற்றை இழுத்து பிராசஸர் மேல் ஊத வேண்டும் என்பது அதன் யோசனை. ஒரு விசிறி, இரண்டு வேலை, செலவும் மிச்சம்! ஆனால் பவர் சப்ளைக்குள் சூடேறி வரும் காற்று பிராசஸரை எப்படிக் குளிர்விக்கும்? பிறகு திசை மாறியது. சூடான காற்று வெளியே தள்ளப்பட்டது.

சொந்தமாகக் கணினிப் பெட்டி செய்பவர்களுக்கு இந்தக் கதை சொல்வது ஒன்றுதான்: தகட்டை வெட்டும் முன், காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் தாளில் வரைந்துவிடுங்கள். தாளில் அழிப்பதற்குக் காசு செலவில்லை.